பேர் சொல்லாத மருந்து

அல்சூர் பஜார் தெருவில் என் மெடிக்கல் ஷாப்புக்கு நேர் எதிரே கோவிந்தராஜனின் நாட்டு மருந்துக் கடை. நடுவே இருப்பது குண்டும் குழியுமான ரோடு, ஒரு சாக்கடை, எப்போதும் குறுக்கே நிற்கும் ஒரு ஆட்டோ. ஆனால் பத்திரிகையில் எழுதுகிறவர்களைக் கேட்டால் இரண்டு கடைக்கும் நடுவே ஐயாயிரம் வருஷம் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அந்த ஐயாயிரம் வருஷத்தைத் தாண்டி வந்து கோவிந்தராஜன் என்னிடம் தலைவலி மாத்திரை வாங்கிப் போவார். எனக்குச் சளி பிடித்தால் நான் அவரிடம் போய்ச் சுக்கும் சித்தரத்தையும் வாங்கிக் கஷாயம் வைத்துக் குடிப்பேன். எங்களுக்குள் சண்டையே கிடையாது. அதெல்லாம் மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்குத்தான்.

என் பெயர் சிரில். சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் இறங்கினார், நான் டி.ஃபார்ம் படித்துவிட்டு பெங்களூரில் இறங்கினேன். கோவிந்தராஜனின் அண்ணன் இராஜமாணிக்கம் ராஜவைத்தியரான கதையை என்னைவிடப் பொறுப்பாகச் சொல்லக்கூடியவர் இந்தத் தெருவில் யாரும் இல்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்தால் எதிர்க்கடையில் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்பதுவரை தெரியும்.

இராஜமாணிக்கம் பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். தொண்ணூற்றாறில் கம்பெனியை மூடினார்கள். லேத்துகளைக் கிரேன் வைத்துப் பத்திரமாகத் தூக்கிப் போனார்கள். லேத் ஓட்டியவர்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி சொர்ணத்தின் வாயில் விழ வேண்டும் என்பதால் தம்பி கடையில் வந்து உட்கார்ந்தார். காலையில் எழுந்து ஷேவ் செய்ய ஒரு காரணமும் இல்லாமல் போனதில் தாடி தானாக வளர்ந்தது. அந்தத் தாடிதான் பிற்பாடு அவருக்கு மருத்துவப் பட்டம்.

கடையில் அவரால் பெரிய உபகாரம் என்று சொல்ல முடியாது. கடுக்காய் கேட்டால் தான்றிக்காயை எடுப்பார். "அது இல்ல சார், பக்கத்து டப்பா" என்று வாங்க வந்தவர்களே திருத்துவார்கள். காய்ச்சலுக்கு நிலவேம்பு கேட்டு வந்த ஒரு போலீஸ்காரருக்கு நிலாவரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். நிலாவரை பேதிக்குக் கொடுப்பது. போலீஸ்காரர் பக்கெட்டும் கையுமாக இருந்ததில் காய்ச்சலை மறந்தே போனார் என்பது உண்மை. அதையும் ஒரு குணம் என்று பிற்பாடு விளம்பரத்தில் போட்டிருக்கலாம், விட்டுவிட்டார்கள்.

சொர்ணத்துக்குச் சர்க்கரை. மாத்திரை என்னிடம்தான் வாங்குவார். கொழுந்தன் கடையில் ஆவாரம்பூவும் நாவல் கொட்டையும் மூட்டையாகக் கிடந்தன, கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சொர்ணம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"ஓசில குடுக்கிற மருந்து எப்டி தம்பி வேலை செய்யும்?" என்பார் என்னிடம். காசு கொடுத்து வாங்கினால்தான் உடம்பு மதிக்கும் என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கை என்று நானும் தலையாட்டினேன், எனக்கு அதில் வியாபாரம் இருந்தது.

பரத் வந்தது தொண்ணூற்றொன்பதில், விளக்கு வைக்கும் நேரத்தில். கோயம்புத்தூர் குடும்பம், பெங்களூரில் பிறப்பு, அமெரிக்காவில் படிப்பு. அம்மாவிடம் சோறு கேட்பதற்கு மட்டும் தமிழ். மஞ்சளுக்கு வெள்ளைக்காரன் பேட்டன்ட் வாங்கப் பார்த்தான் என்று எல்லாரும் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் வாங்குவதற்குள் நாமே வாங்கிவிட்டால் என்ன என்று கொதித்தவர்களில் பரத் ஒருவன். அன்றைக்கு எனக்குச் சளி, சுக்கு வாங்க அந்தக் கடையில்தான் நின்றிருந்தேன்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, "அண்ணே, பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க" என்றாள். இராஜமாணிக்கம் ஒரு வார்த்தை பேசாமல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்குத் தப்பில்லாமல் எடுக்கத் தெரிந்த ஒரே சரக்கு அது.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அது வசம்பு. பகல் வெளிச்சத்தில் எழுதுவதால் தைரியமாகச் சொல்கிறேன். குழந்தைக்கு வயிறு உப்பினால் விளக்கில் சுட்டு உரசித் தடவுவார்கள். எனக்கும் என் அம்மா தடவியிருக்கிறாள். பேரைச் சொன்னால் குணம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை, அதுவும் விளக்கு வைத்த பிறகு வாயைத் திறக்கவே கூடாது. அதனால் அதற்குப் பேரே 'பேர் சொல்லாதது' என்று ஆகிவிட்டது. பரத்துக்கு அந்த வயதில் கொடுத்தது கிரைப் வாட்டராக இருந்திருக்கும்.

"சார், அவங்க என்ன கேட்டாங்க?" என்றான் பரத்.

"பேர் சொல்லாதது."

"அதான், அதோட பேர் என்ன?"

"பேர் சொல்லக் கூடாது சார்."

"எனக்கு மட்டுமாவது சொல்லுங்க. நான் யாருக்கும் ரிவீல் பண்ண மாட்டேன்."

"விளக்கு வச்சாச்சே சார், எப்டி சொல்றது?"

பரத்தின் கண்கள் விரிந்தன. பரம்பரை ரகசியம், உயிரே போனாலும் சொல்ல மாட்டார், தாடி வேறு. அந்த நேரம் பார்த்து ஒரு கன்னடத்து அம்மா வந்து, "பஜே கொடி" என்று தெருவே கேட்கக் கேட்டு, அதே டப்பாவிலிருந்து அதே துண்டை வாங்கிப் போனார். பஜே என்றால் கன்னடத்தில் வசம்பு. தமிழில் சொன்னால் போய்விடும் குணம் கன்னடத்தில் சொன்னால் போகாது போலிருக்கிறது. ரகசியம் காதுக்குப் பக்கத்திலேயே உடைந்து விழுந்தும் பரத் கவனிக்கவில்லை, அவன் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதமே பரத்தின் கம்பெனியிலிருந்து காரில் வந்து இராஜமாணிக்கத்தை அழைத்துப் போனார்கள். இந்திரா நகரில் கண்ணாடிக் கட்டடம், வாசலில் ஒரு புத்தர், உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம். சத்தம் டேப்பில் வந்தது. இராஜமாணிக்கத்தின் பெயரில் இருந்த ராஜாவைக் கழற்றி முன்னால் மாட்டி, 'ராஜவைத்தியர் மாணிக்கம்' என்று ஆக்கினார்கள். ராஜவைத்தியர் என்றால் ஒரு ராஜா வேண்டுமே. எந்த அரண்மனை என்று சொல்லாமல் 'அரண்மனை மரபில் ஏழாம் தலைமுறை' என்று அச்சடித்தார்கள். நாட்டு மருந்துக் கடையைக் கோவிந்தராஜன் ஒரு மலையாளியிடமிருந்து வாங்கி அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. அந்த மலையாளி சீட்டுக் கம்பெனி வைக்கத் திருச்சூர் போனவர். ஏழு தலைமுறையில் அவரும் ஒருவராக இருக்க வேண்டும்.

மருந்துக்கு 'அநாமிகம்' என்று பேர் வைத்தார்கள். பேர் இல்லாததற்கு ஒரு பேர். லைசென்ஸ்காரர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள் என்பதால், வைத்தியப் படிப்பு படித்த ஒருவரை அமர்த்திச் சரக்குகளின் பேரையெல்லாம் சமஸ்கிருதத்தில் எறும்பு எழுத்தில் போட்டுவிட்டார்கள். முதலில் குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்குத்தான் விற்பதாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்குக் குழந்தை பிறக்கும் முன்பே சர்க்கரை வந்துவிடுகிறது என்று தெரிந்ததாம். அநாமிகம் சர்க்கரை மருந்தாக மாறியது. சூரணத்தில் கொஞ்சம் நாவல் கொட்டையும் கொஞ்சம் வெந்தயமும் சேர்த்தார்கள், பாட்டிலுக்குக் கழுத்தில் சணல் கயிறு கட்டினார்கள். விலையை நான் சொல்ல மாட்டேன், கேட்டால் உங்களுக்குச் சர்க்கரை ஏறும்.

போட்டோவுக்காக இராஜமாணிக்கத்துக்குக் கருங்கல்லில் ஒரு கல்வம் வாங்கிக் கொடுத்தார்கள். மருந்து அரைக்கிற குழிக்கல். அதன் முன்னால் உட்கார்ந்து குழவியைப் பிடித்தபடி அவர் சிரிக்கும் படம் நகரம் முழுக்கத் தொங்கியது. குழியில் இருந்தது கடைத்தெருக் கொத்தமல்லி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபிள் டி.வி.யில் அரை மணி நேரம். அவர் என்ன பேச வேண்டும் என்று அட்டையில் எழுதிக் காமிராவுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். லேத்தில் டிராயிங் பார்த்து வேலை செய்த மனிதர், ஒரு புள்ளி பிசகாமல் வாசிப்பார். "இங்கிலீஷ் மருந்து நோயை அமுக்கும். நம்ம மருந்து நோயை வேரோட பிடுங்கும். மாத்திரைக்கு விடை குடுங்க." குரலும் நன்றாகவே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தாலும் முழுசாகப் பார்த்தேன்.

"ஏண்ணே, மனசாட்சி உறுத்தலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சும்மா விளம்பரம் சிரிலு. விளம்பரத்த யாராவது நம்புவாங்களா? படிச்சவங்க வாங்கறாங்க, சும்மனே தட்டுல வச்சு அழகு பாக்கறாங்க. மாத்திரையும் கூடவே போட்டுக்கிறாங்க" என்றார்.

அது ஓரளவு உண்மைதான். இந்திரா நகரில் அநாமிகம் வாங்கியவர்கள் எல்லாரும் எங்களைப் போன்ற கடைகளில் மாத்திரையும் வாங்கினார்கள். நம்பி மாத்திரையை நிறுத்தியது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள். அது சொர்ணம்.

மாதம் பிறந்தால் வரும் அம்மா வரவில்லை. பார்த்த இடத்தில் கேட்டேன். "எனக்கு எதுக்கு தம்பி இனி மாத்திரை? எங்க வூட்டுக்காரரே இவ்ளோ பெரிய வைத்தியரு" என்றார், கொஞ்சம் இரக்கத்தோடு, என் வியாபாரம் போச்சே என்பது போல. பேசும்போதே இரண்டு முறை தண்ணீர் குடித்தார். பத்து நாள் கழித்துக் குழாயடியில் கண் இருட்டி விழுந்தார். என் கடைக்கு மேலே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் ஆளைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார்.

இராஜமாணிக்கம் பயந்துவிட்டார். அன்று அவர்கள் வீட்டில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"சொர்ணம், மாத்திரையப் போடு. அந்தப் பவுடர்ல ஒண்ணும் இல்ல."

"டி.வி.ல நீங்கதான சொன்னீங்க?"

"அட்டையில எழுதிக் காட்னாங்க, படிச்சேன். எனக்கு இன்னா தெரியும்? நான் லேத்துக்காரன்."

"பெரியவங்க எல்லாம் அப்டித்தான் சொல்வாங்க. ஒண்ணும் தெரியாதும்பாங்க."

"அடியே, நான் சொல்றது பொய்யி."

"வீட்ல நீங்க சொல்றது பொய்தான், அது எனக்குத் தெரியும்" என்றாராம் சொர்ணம். "ஊரே பாக்கற எடத்துல உங்களுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்தஞ்சு வருசமா பாக்கறனே."

தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் தன் வைத்தியம் பொய் என்று நிரூபிக்க முடியாமல் தவித்த முதல் வைத்தியர் இவராகத்தான் இருக்கும். நான் சிரிக்க வேண்டிய இடம்தான். அந்த முகத்தைப் பார்த்தபோது சிரிக்க வரவில்லை. அவருக்குச் சொர்ணம் என்றால் உயிர், திட்டுக்குப் பயந்துதான் தம்பி கடைக்கு ஓடினாரே தவிர ராத்திரி சோற்றுக்கு அவள் முன்னால்தான் உட்கார வேண்டும்.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் சூரணத்தை வெந்நீரில் கலக்கித் தானே மனைவிக்குக் கொடுப்பது. அதில் என் கடை மாத்திரையைப் பொடி செய்து சேர்த்துவிடுவது. டாக்டரம்மாவிடம் கேட்டோம். "இந்த மாத்திரையைப் பொடி பண்ணலாம். ஆனா தெரியாம குடுக்கிறது தப்பு. குடுக்காம விட்டா அதவிடத் தப்பு. சீக்கிரம் சொல்லிடுங்க" என்றார். போட்டோவுக்கு வாங்கிய கல்வத்தில் இராஜமாணிக்கம் தினமும் சொர்ணம் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மாத்திரையை அரைத்தார். ராஜவைத்தியர் தன் கையால் தயாரித்த ஒரே மருந்து அதுதான்.

மருந்து வேலை செய்தது. ஏன் செய்யாது? சொர்ணத்துக்கு முகம் தெளிந்தது, தாகம் அடங்கியது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அந்த ரிப்போர்ட்டைத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டினார். "பாட்டில் மருந்து மட்டும் இல்ல, அவரு கையால கலக்கிக் குடுக்கறாரு பாரு, அதான்" என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்கு வெட்கம் வரும். இத்தனை வருஷத்தில் புருஷன் ஒரு டம்ளர் காப்பி கலந்து கொடுத்ததில்லையாம்.

ரிப்போர்ட் பரத்தின் கைக்கும் போனது. அவன் ஆராய்ச்சி நிலையம் வைத்து வருஷக்கணக்காகத் தேட வேண்டிய அத்தாட்சி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தானே வந்து நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொர்ணம் டி.வி.யில். அட்டை தேவைப்படவில்லை. மனசார நம்புகிறவருக்கு எதற்கு அட்டை? மாத்திரையை நிறுத்தினேன், உயிர் பிழைத்தேன், தங்கவயலில் இருக்கும் என் அக்கா கனகத்துக்கும் ஒரு பாட்டில் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன் என்று சொன்னார். என் கடையில் நின்று பார்த்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கனகத்துக்குச் சொர்ணத்தைவிட மோசம், தினமும் இன்சுலின் ஊசி. எங்கள் ஊர்க்காரம்மா, எனக்கும் தெரியும்.

அன்றைக்கே ரோட்டைத் தாண்டிப் போய் இராஜமாணிக்கத்தைப் பிடித்தேன். "அண்ணே, சொர்ணக்காகிட்ட இன்னைக்கே உண்மையச் சொல்லுங்க. கனகம்மாவுக்குப் போன் போட்டு ஊசிய நிறுத்தாதேன்னு சொல்லுங்க."

"நிறுத்த மாட்டாங்க சிரிலு. ஊசி போடறவங்க எங்க நிறுத்துவாங்க?"

"அப்ப சொல்றதுல இன்னா கஷ்டம்?"

அவர் தாடியைத் தடவினார். "அவளுக்குச் சொன்னா, அவ அதையும் குடிக்க மாட்டா. இப்பதான் ஒடம்பு தேறுது. கொஞ்ச நாள் போவட்டும், சொல்லிடறேன்." பிறகு மெதுவாக, "காலைல டம்ளரக் குடுக்கறப்ப அவ மூஞ்ச நீ பாத்ததில்ல" என்றார். எனக்குக் கோபம் வந்து திட்டினேன். கேட்டுக்கொண்டார். நானே போன் போடலாம் என்று பார்த்தால் கனகம் வீட்டு நம்பர் அவர்களிடம்தான் இருந்தது. ஊரில் என் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, போய்ச் சொல்லச் சொன்னேன். அவன் போய்ச் சொன்னான். "மெடிக்கல் ஷாப் வச்சிருக்கறவன் வேற எப்டி சொல்வான்" என்று கனகம் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்பினாராம்.

மூன்றாவது வாரம் தகவல் வந்தது. கனகம் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் நாங்கள் மூவரும் போனோம். வழியெல்லாம் சொர்ணம் அழுதபடி, "பத்தியம் தப்பியிருப்பா. அவளுக்கு வாய் அடங்காது. கருவாடு சாப்ட்டிருப்பா" என்று அக்காவையே குற்றம் சொல்லிக்கொண்டு வந்தார். இராஜமாணிக்கம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பங்காருப்பேட்டையில் நான் டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

சாவு வீட்டில் கனகத்தின் மருமகள் சொர்ணத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க டி.வி.ல சொன்னீங்கன்னு அன்னைக்கே ஊசியத் தூக்கிப் போட்டுட்டாங்க சித்தி. வேளா வேளைக்கு அந்தப் பவுடர்தான். பத்தியம் ஒரு நாள்கூடத் தப்பல. சொர்ணத்துக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடும்னு சொல்லிட்டே இருந்தாங்க."

சொர்ணம் அழுகையை நிறுத்திவிட்டார். வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் வந்தார். பக்கத்தில் நான் இருந்தேன்.

"எங்க அக்கா பத்தியம் தப்பலையாம். அப்ப ஏன் செத்தா?"

இராஜமாணிக்கம் சொல்லிவிட்டார். மறைக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை. தினமும் மாத்திரையை அரைத்துக் கலந்தது, அவள் பிழைத்தது மாத்திரையில்தான் என்பது, எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் கேட்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. ஊரே பார்க்கிற இடத்தில் அவர் பேசிய முதல் உண்மை. அட்டை இல்லாததால் தடுமாறினார்.

திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். சொர்ணம் குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு நீங்க கலந்து குடுத்தீங்க" என்றார். "எங்க அக்காவுக்கு யார் கலந்து குடுப்பாங்கன்னு நெனச்சீங்க?"

உள்ளே கனகத்தைக் குளிப்பாட்ட எடுத்தார்கள். சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனார்.